கொழும்புக்குப் போய்விட்ட பிள்ளை

திருச்சி விமான நிலையத்தின் சுகாதாரப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று எனக்கு மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் பழைய நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து காட்டினார். இங்கே ஒரு நோய் தெரிய வந்து, அதில் சம்பந்தப்பட்டவர் அதற்குள் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டிருந்தால், பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அதில் போட்டால் போதுமாம். அன்றைக்கே அங்கே உரியவர் கைக்குப் போய்விடுமாம். முன்னாடியெல்லாம் எப்படி சார் பண்ணுவீங்க என்று கேட்டார். லெட்டர் போடுவோம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். விவசாயக் குடும்பம். சுகாதார ஆய்வாளர் படிப்பை முடித்து, முதல் பத்து வருடம் ஜீயபுரம் பக்கத்து வாய்க்கால்களில் கொசுப் புழு அள்ளிப் பார்ப்பதிலேயே போயிற்று. அதன் பிறகு விமான நிலையத்துக்குப் போட்டார்கள். அங்கே என் வேலை எளிமையானது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது, காய்ச்சலோடு யாராவது இறங்கினால் தனியே உட்கார வைப்பது, விமானத்துக்குள் மருந்து அடித்த சான்றை வாங்கி வைப்பது.

எளிமை என்று நான் நினைத்ததை மாற்றியவர் டாக்டர் நூர்ஜஹான். எங்கள் பிரிவின் பொறுப்பு அதிகாரி. பாலக்கரைக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவரிடம் 'சுமார்', 'ஏறக்குறைய' என்ற வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. "எண்ணிட்டு வாங்க ராஜேந்திரன், நான் காத்திருக்கேன்" என்பார். உண்மையிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு முறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் மஞ்சள் காய்ச்சல் அட்டையில் முத்திரையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லும். அவருக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மேடம் தானே டாக்ஸி நிறுத்தம் வரை நடந்து போய் அவரை அழைத்து வந்தார். என்னைத் திட்டவில்லை. அட்டையை என் முன்னால் வைத்து, தேதியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எந்தத் தேதியையும் வாய்விட்டுப் படிக்காமல் விட்டதில்லை.

கொரோனா ஓய்ந்து, விமானங்கள் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை காலை மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தங்கும் விடுதி. விடுதி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு மாடியில் நான்கு அறை வாடகைக்கு விடும் வீடு. அந்த வீட்டுப் பெண் குழந்தையை வியாழக்கிழமை ஒரு நாய்க்குட்டி கடித்திருக்கிறது. அடுத்த நாள் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டார்கள். சனிக்கிழமை குட்டி செத்துவிட்டது. மாநகராட்சி ஆட்கள் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப, திங்கட்கிழமை முடிவு வந்துவிட்டது. வெறிநோய்.

அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று, பயமில்லை. ஆனால் ஊசி போடும்போது அது ஒரு விஷயம் சொல்லியிருக்கிறது. தனக்கு முன்பே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாடியில் தங்கியிருந்த சிலோன் பிள்ளையையும் அந்தக் குட்டி கடித்ததாம். கன்னத்தில். அந்தப் பிள்ளை புதன்கிழமையே ஊருக்குப் போய்விட்டதாம். அதற்குமேல் குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெறிநாய்க் கடியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகு உலகத்தில் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடி தலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நோய் வரும். காலில் கடித்தால் மாதக் கணக்கில் அவகாசம் கிடைக்கலாம். கன்னத்தில், அதுவும் சின்னக் குழந்தைக்கு என்றால், இரண்டே வாரத்தில்கூட வந்துவிடலாம். ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். விதிப்படி ஒரு கடிதம் தயார் செய்தேன். எங்கள் ஆபீஸிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்கு, டெல்லியில் ஒரு அமைச்சகத்திலிருந்து இன்னொரு அமைச்சகத்துக்கு, அங்கிருந்து கொழும்புக்கு. பதினொரு மணிக்கு மெயிலில் போட்டு, நகலையும் கோப்பில் வைத்துவிட்டேன். கடமை முடிந்தது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

மேடம் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இது அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்பப் போய்ச் சேரும்?" என்றார்.

"சுமார் பத்து நாள் ஆகலாம் மேடம்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. மேடம் அதைத் திருத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார். "பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பா பேர், ஊர், பாஸ்போர்ட் எண் எதுவுமே அந்தக் கடிதத்தில் இல்லை. 'இலங்கையைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை' என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் பத்து நாளில் போனாலும் யாரைத் தேடுவார்கள்?

உடனே ஸ்ரீரங்கம் கிளம்பினேன். விடுதிக்காரர் பெயர் ரங்கராஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே நின்று பேசினார். வெளிநாட்டுக்காரர் யாரும் இங்கே தங்கவில்லை என்றார். குழந்தை காய்ச்சலில் ஏதோ உளறியிருக்கிறாள் என்றார். நோட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார். செவ்வாய்க்கிழமைக்கு நேரே மதுரைக்காரர் ஒருவர் பெயர் மட்டும் இருந்தது.

அவர் ஏன் மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டவர் தங்கினால் ஒரு நாளைக்குள் அவர்கள் விவரத்தைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இவர் தெரிவிக்கவில்லை. நான் போலீஸ் இல்லை, உங்கள்மேல் எதுவும் எழுத வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி ஒன்றாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. காலையில் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவன்தானே நானும்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். கையில் ஒரு ஜெராக்ஸ் காகிதம்.

"பாஸ்போர்ட்டு காப்பி. இவர் வாங்கி வெச்சார், அனுப்பலை. அந்தக் குழந்தை அழுதுண்டு வந்தப்போ நான்தான் மஞ்சள் வெச்சு விட்டேன். குட்டிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு அவா அம்மாகிட்ட நான்தான் சொன்னேன்" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரங்கராஜன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் மலையகத்துக்காரர்கள், ஹட்டன் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட் என்று மெதுவாகச் சொன்னார். முன்னோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களாம். வேண்டுதலுக்காக வந்தார்களாம். பிள்ளைக்கு ஏழு வயது, பெயர் கவிஷா.

அந்த ஜெராக்ஸ் அப்பாவின் பாஸ்போர்ட்டுடையது. இலங்கை பாஸ்போர்ட்டில் முகவரி இருக்காது. ஆனால் அந்த நாட்டு அடையாள அட்டை எண் இருக்கும். அதை வைத்து அவர்களால் முகவரியைக் கண்டுபிடிக்க முடியும். நகல் எடுத்த மெஷின் மோசமானது போல, ஒரு இலக்கத்தின் மேல் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். தெரியவே இல்லை.

மேடம் காகிதத்தை வாங்கி எண்களை வாய்விட்டுப் படித்தார். அந்த இலக்கம் வந்ததும் நிறுத்தினார். "ரெண்டையும் குடுப்போம்" என்றார்.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கொரோனாவுக்கு முன்னால் அண்டை நாடுகள் சேர்ந்து நடத்திய ஒரு பயிற்சிக்கு மேடம் போயிருந்தார். எல்லை தாண்டும் நோய்களைப் பற்றி ஐந்து நாள் வகுப்பு. திரும்பி வந்தபோது ஒரு குரூப் போட்டோவும் ஒரு துணிப் பையும் கொண்டு வந்தார். மாநாடு, டீ, போட்டோ, இதனால் என்ன பிரயோஜனம் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்திருக்கிறோம். அந்த வகுப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொழும்பு விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் நிமல். அவருடைய எண் மேடத்தின் டைரியில் இருந்தது.

வேறு நாட்டு அதிகாரியிடம் நாங்கள் நேரடியாகப் பேசக் கூடாது. அது எனக்குத் தெரியும், மேடத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"நான் போன் பண்றேன். நீங்க பக்கத்துல உக்காந்து நான் பேசறதை அப்படியே எழுதுங்க. பேசினது நான்னு எழுதுங்க. உங்க பேரு வர வேண்டாம்" என்றார்.

எழுதினேன். மத்தியானம் இரண்டு பத்து. ஆங்கிலத்தில் பேசினார்கள். மேடம் ஒரு வார்த்தை வீணாகச் சொல்லவில்லை. வயது, கடித்த இடம், தேதி, பரிசோதனை முடிவு, இரண்டு எண்கள். டாக்டர் நிமல் எண்களைத் திருப்பிச் சொன்னார். தானும் இதை எழுதி வைத்துக்கொள்வதாகவும், தன் மேலதிகாரியிடம் பிறகு சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். போனை வைத்த பிறகு மேடம் தண்ணீர் குடித்தார்.

அடுத்த நாள் காலை, மேடம் கொடுத்திருந்த என் எண்ணுக்கே அழைப்பு வந்தது. "வணக்கம் ஐயா. நான் யோகராஜா கதைக்கிறன். ஹட்டன் பக்கம் பி.எச்.ஐ." பி.எச்.ஐ. என்றால் அங்கே என்னைப் போன்ற சுகாதார ஆய்வாளர். யாழ்ப்பாணத்துக்காரர், மலையகத்தில் வேலை பார்க்கிறவர். எட்டு என்று வைத்துப் பார்த்த எண்ணில் குடும்பம் கிடைத்துவிட்டது. ஆனால் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. இந்தியாவிலிருந்து வந்த கையோடு சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர்கள் போனையும் எடுக்கவில்லை. அந்த நாட்டில் அப்போது பெட்ரோல் பங்கீடு இருந்தது. தன்னுடைய அந்த வாரப் பங்கு முடிந்துவிட்டதாகவும், யாரிடமாவது வண்டி வாங்கிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வேறு செய்தி இல்லை. நான் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விமானங்கள் வந்தன. அட்டைகளைப் பார்த்தேன். அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தை வரும்போதும் அதன் கன்னத்தைப் பார்த்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னால் அவளும் சாப்பிட மாட்டாள் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற நாய். அதைத் தாண்டிப் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு யோகராஜா கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார். மாத்தளைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தார்கள். அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகப் பார்த்தாராம். கொரோனா சமயத்தில் அவர்கள் லயத்திலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய் அடைத்ததை அவர் மறக்கவில்லை. யோகராஜா சமாதானப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துவிட்டார். அதையெல்லாம் வேகமாகச் சொன்னவர், பிறகு நிறுத்தினார்.

"ஐயா, பிள்ளைக்கு நேற்றுத் தொடக்கம் காய்ச்சல். தண்ணி குடிக்க மாட்டன் எண்டு அழுகுது."

காய்ச்சல் வருவதும் தண்ணீர் குடிக்க முடியாமல் போவதும் எதன் அடையாளம் என்று சுகாதார ஆய்வாளர் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். போனை மேடத்திடம் கொடுத்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறாளா, இல்லை, விழுங்கும்போது வலிக்கிறதா? டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று யோகராஜா போனை வைத்துவிட்டார்.

இருபத்தைந்து நிமிடம். கொழும்பு விமானம் அதற்குள் வந்து இறங்கியது. நான் எழுந்து போக வேண்டும். "நீங்க இருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடம் தானே போனார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் மணி அடித்தது.

"ஐயா, ஒரு கோப்பையில தண்ணி குடுத்துப் பாத்தவை. ஒரு மிடறு குடிச்சிட்டா. நோகுது எண்டு அழுதவ. பிறகு திரும்பவும் கேட்டு வாங்கிக் குடிச்சவ." தொண்டையில் புண், சீழ் பிடித்திருக்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்று டாக்டர் நினைக்கிறாராம்.

நான் அழுதுவிட்டேன். மேடம் வந்ததும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் இறங்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரி. நோய் ஆரம்பிக்கும்போதும் வெறும் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். தண்ணீர் குடித்ததாலேயே தப்பித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. கடிவாயில் போடும் சீரம் அந்த ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. டாக்டர் நிமல் கண்டியிலிருந்து வரவழைத்தார். சாயங்காலம் கன்னத்திலேயே, அந்தச் சின்னப் பல் தடத்தைச் சுற்றி, சீரத்தைப் போட்டார்கள். தோளில் முதல் தடுப்பூசி. அதன் பிறகு வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு நாளும் காலையில் யோகராஜா காய்ச்சல் அளவைச் சொல்வார். நான் எழுதி மேடத்திடம் கொடுப்பேன். அவர் வாய்விட்டுப் படிப்பார். சனிக்கிழமை காய்ச்சல் இல்லை. பிள்ளை தோசை கேட்டதாம். அன்றைக்குத்தான் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து என்னையும் சாப்பிடச் சொன்னார்.

அடுத்த வாரமே விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மேடத்துக்குக் கடிதம் வந்தது. எந்த அதிகாரத்தின்பேரில் வேறு நாட்டு அதிகாரியோடு நேரடியாகப் பேசினீர்கள் என்று. நான் எழுதி வைத்த குறிப்பை அப்படியே இணைத்து, நான்கு வரியில் பதில் அனுப்பினார். நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒவ்வொரு தபாலையும் பயந்து பயந்துதான் பிரித்தோம். நடவடிக்கையும் வரவில்லை, சரி என்றும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாள்வரை அப்படியே இருந்தது. அந்த விதியைப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆளாளுக்கு அடுத்த நாட்டுக்குப் போன் போட்டுப் பீதி கிளப்பினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நம் ஊரிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரப் பயணம். நாய்க்குட்டி கடித்த பிள்ளை போகிற வேகத்தில் செய்தியும் போக வழி இருக்க வேண்டும். இப்போது அந்தப் படிவத்தில் அந்த வழி வந்திருக்கிறது. அதற்காக யார் யார் எங்கெங்கே உட்கார்ந்து பேசினார்களோ, அவர்களுடைய போட்டோக்களைப் பார்த்து நான் இனிமேல் சிரிக்க மாட்டேன்.

நான்காவது ஊசி போட்ட நாளில் யோகராஜா கடைசியாகக் கூப்பிட்டார். நான் அனுப்பிய கடிதம் அன்றைக்குத்தான் அவர் மேஜைக்கு வந்ததாம். 'இலங்கையைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை' என்று படித்துக் காட்டினார். பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறாள், கதைக்கிறீங்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போனைக் கொடுத்துவிட்டார்.

"மாமா, அந்த நாய்க்குட்டி நல்லா இருக்கா?"

நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. எதையும் உள்ளது உள்ளபடி எழுதியே பழகிவிட்ட எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. இல்லம்மா, அது செத்துப்போச்சு, அதுக்கும் காய்ச்சல் வந்துச்சு என்றேன்.

அவள் அழவில்லை. அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

"அதுக்கு யாரும் ஊசி போடலையா?" என்றாள்.

போடலம்மா, என்றேன்.